குஷன் தலைமாடு செய்யப் போறீங்களோ? முதலில் கழற்றுவதை யோசியுங்கோ

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "புதுசா வாங்கின 6க்கு 5 கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை இல்லை. சுவரோடை சாஞ்சிருந்தா முதுகு நோகுது, சுவரிலை எண்ணெய்க் கறையும் படுகுது. படங்களிலை பாக்கிற மாதிரி தெறி வைச்ச குஷன் தலைமாடு வீட்டிலையே செய்யலாமோ? அவரிட்டை ட்ரில் இருக்கு, என்னட்டைத் தையல் மெசின் இருக்கு."

செய்யலாம் தங்கச்சி. சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். தெறி, அதாவது குஷனில் குழி குழியாக வைக்கிற பொத்தான், மட்டும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் குஷன் வேலை பழகினது கட்டிலில் இல்லை, கார் சீற்றில். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிறதென்றால், அதில் குஷன்காரனுக்கும் கொஞ்சம் பங்கிருக்கிறது. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது நல்ல ஸ்பொன்ச் எங்கள் கைக்கு வரவில்லை. தென்னந் தும்பையும் இலவம் பஞ்சையும் பழைய மெத்தையில் பிடுங்கிய ஸ்பொன்சையும் வைத்து ஒப்பேற்றினோம். 2002இல் கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கடையில் தடிப்புச் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது. அந்தப் பஞ்சக் காலத்தில் பழகினது ஒன்று: எந்தச் சீற்றையும் மூடும்போதே, இதைத் திரும்ப எப்படித் திறப்பது என்று யோசித்து மூட வேண்டும். தலைமாட்டுக்கும் அதே கதைதான். சுவரில் இருந்து பலகை கழற வேண்டும், பலகையில் இருந்து துணி கழற வேண்டும். படங்களில் காட்டுகிற தலைமாடுகள் இரண்டும் செய்யாது. துணியைப் பலகையோடு அடித்து, பலகையைச் சுவரோடு இறுக்கி விடுவார்கள். குளிர் நாட்டில் அது சரியாக இருக்கலாம். எங்களுக்குத் தலையில் நல்லெண்ணெய், சுவருக்குள் மார்கழி ஈரம்.

என் சொந்த வீட்டில் நானே அந்தப் பிழையை விட்டவன். மரநாரைப் பசை போட்டு அழுத்தின எம்.டி.எப் பலகை, அழகான மண்ணிற ரெக்சின், சுவரோடு ஒட்டி ஆறு திருகாணி. சுவருக்கு மற்றப் பக்கம் குளியலறை. ஐப்பசியில் மழை தொடங்கியது, தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஒரு புளிச்ச மணம். கழற்றிப் பார்த்தால் பலகையின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம், கீழ் விளிம்பு தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிக் கையோடு உதிர்ந்தது. முன்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதமாக அதில் தலை சாய்த்துப் படுத்திருக்கிறோம்.

அதனால் எம்.டி.எப் வேண்டாம். மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் ஸ்ரேப்பிளும் பிடிக்காது. 12 மில்லிமீற்றர் பிளைவூட் வாங்குங்கோ. 8 அடிக்கு 4 அடி ஒரு முழுத் தாளாகத்தான் தருவார்கள். மரக்காலையிலோ ஹாட்வெயார் கடையிலோ வெட்டித் தரச் சொன்னால் மெசினில் நேராக வெட்டுவார்கள். உங்கள் கட்டில் 60 அங்குல அகலம் என்றபடியால் பலகை 62க்கு 30 அங்குலம். மிச்சத் துண்டைக் கொண்டுவர மறக்காதேங்கோ, சாமிப்படத் தட்டுக்கு உதவும்.

30 அங்குல உயரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். மெத்தையைப் போட்டு, நீங்கள் புத்தகம் வாசிக்கிற மாதிரிச் சாய்ந்து இருங்கோ, அவரைப் பிடரிக்கு நேரே சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கோ. பலகையின் கீழ் விளிம்பு மெத்தையின் மேல்மட்டத்தை விட 3 அங்குலம் தாழ இருந்தால்தான் தலையணை இடுக்கில் விழாது. மிச்சம் 27 அங்குலம் மேலே நிற்கும். அது பெரும்பாலானவர்களின் பிடரிக்கு வரும். அவர் உயரமான ஆள் என்றால் அவரையும் இருத்திப் பாருங்கோ.

எந்தச் சுவர் என்பதை வீட்டில் எல்லோரும் கூடித் தீர்மானித்த பிறகு ட்ரில்லை எடுங்கோ. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று மாமி நாலு ஓட்டை போட்ட பிறகு வந்து சொன்னால் மேசனைத்தான் கூப்பிட வேண்டி வரும். குளியலறைச் சுவர் என்றால், சொன்னேனே, கூடுமானால் தவிருங்கோ.

இனித் தொங்கவிடுகிற முறை. இதுதான் முழு வேலையின் உயிர். 3 அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள சட்டம் ஒன்றை 4 அடி நீளத்துக்கு வாங்கி, நடுவால் நீளவாட்டில் 45 பாகை சரிவாக அறுத்துத் தரச் சொல்லுங்கோ. ஓடாவியாருக்கு இரண்டு நிமிச வேலை. ஒரே சட்டம் இரண்டாகும், இரண்டுக்கும் ஒரு விளிம்பு சரிவு. ஒன்றைச் சரிவு மேலே பார்க்க, சரிவின் கூர் அறைப்பக்கம் வரும்படி சுவரில் இறுக்குங்கோ. இப்போது சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். மற்றச் சட்டத்தைப் பலகையின் முதுகில், சரிவு கீழே பார்க்க, கூர் சுவர்ப்பக்கம் வரும்படி பூட்டுங்கோ. பலகையைத் தூக்கி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் கொக்கி போட்ட மாதிரி நிற்கும். இரண்டு அங்குலம் மேலே தூக்கினால் கையோடு வரும். பாரத்தால் தானே இறுகுகிற பூட்டு.

சட்டம் முக்கால் அங்குலம் என்பதால் பலகைக்கும் சுவருக்கும் இடையில் முக்கால் அங்குல இடைவெளி கிடைக்கிறது. அதுதான் காற்றுப் பாதை. கீழே பலகை உள்ளே சரியாமல் இருக்க அதே தடிப்பில் இரண்டு சின்னத் துண்டை இரண்டு மூலையிலும் ஒட்டுங்கோ. முழு நீளத்துக்கும் ஒரு சட்டம் போட்டால் காற்றுப் பாதையை நீங்களே அடைக்கிறீர்கள். பின்னால் பொலித்தீன் போட்டால் ஈரம் வராது என்று யாராவது சொல்வார்கள். கேட்காதேங்கோ. பொலித்தீன் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பலகைச் சட்டத்தைப் பலகையின் மேல் விளிம்பில் இருந்து 5 அங்குலம் கீழே, இரண்டு பக்கமும் 7 அங்குலம் விட்டு, வூட் கம் பூசி 1 அங்குலத் திருகாணியால் இறுக்குங்கோ. அதைவிட நீளமான திருகாணி முன்பக்கம் முளைத்து வந்து, ஒரு நாள் யாருடைய தலையிலாவது இடிக்கும். சுவருக்கு 8 மில்லிமீற்றர் பிளக்கும் இரண்டரை அங்குலத் திருகாணியும், நாலு அடிக்கு ஐந்து இடம். சீமெந்துக் கல் சுவர் என்றால் கவலையில்லை. கல்லுக்குள் பொந்து இருந்தால் மட்டும் பிளக் சுழலும், அப்போது கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டின பழைய வீடு என்றால் ட்ரில் மணலுக்குள் போகிற மாதிரிப் போகும். கல்லுத் தட்டுப்படுகிற இடம் வரைக்கும் தேடித்தான் போட வேண்டும். சுவிச்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதேங்கோ, வயர் பெரும்பாலும் அந்த வழியால்தான் போகும். வாடகை வீடு, ஓட்டை போட விடமாட்டார்கள் என்றால் பலகையின் முதுகில் இரண்டு கால் பூட்டி, அதைக் கட்டில் சட்டத்தோடு போல்ற் போட்டு நிறுத்துங்கோ.

கறையான் உள்ள வளவு என்றால் சட்டத்துக்குக் கறையான் மருந்து பூசி நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கோ. கழிவு எஞ்சின் ஒயில் பூசுகிற பழக்கம் வேலித் தூணுக்குச் சரி. படுக்கையறையில் அந்த மணம் வருசக் கணக்கில் நிற்கும், துணியிலும் ஊறும்.

ஸ்பொன்ச் 2 அங்குலத் தடிப்பு. கடையில் கையால் அமத்திப் பாருங்கோ. விரலை எடுத்தவுடனே எழும்ப வேண்டும், விரல் மறுபக்கத்து மேசையைத் தொடக்கூடாது. அடர்த்தி கேட்டால் 32 போதும், அதாவது ஒரு கனமீற்றருக்கு 32 கிலோ. இருக்கிற சீற்றுக்குத்தான் 40 தேவை. துண்டு துண்டாக ஒட்டின பல நிற ஸ்பொன்ச் பாரமும் கல்லுமாக இருக்கும், தலைமாட்டுக்கு ஆகாது. என்னைக் கேட்டால் ரப்பர் போட்டு அழுத்தின தும்புத் தகடு 1 அங்குலம் கீழேயும் ஸ்பொன்ச் 1 அங்குலம் மேலேயும்தான் எங்கள் வெக்கைக்கு நல்லது, தும்புக்குள்ளால் காற்று ஓடும். அது கிடைக்காவிட்டால் ஸ்பொன்சோடு நில்லுங்கோ. இலவம் பஞ்சு தலையணைக்கு ராசா, நிமிர்த்தி வைத்தால் இரண்டு மாதத்தில் கீழே போய்க் குந்திவிடும்.

ஸ்பொன்சைக் கத்தரிக்கோலால் வெட்டினால் படிக்கட்டாக வரும். பாண் வெட்டுகிற பல்லுக் கத்தியை எடுங்கோ. பலகையை ஸ்பொன்சின் மேல் வைத்து, சுற்றிக் கால் அங்குலம் கூட விட்டுப் பேனையால் கோடு போட்டு, கத்தியைப் படுக்கவைத்து நீட்டி நீட்டி இழுங்கோ. அமத்தக்கூடாது. அந்தக் கால் அங்குலம் பலகையின் விளிம்பில் மடிந்து நிற்பதால்தான் துணி இழுத்த பிறகு மரத்தின் கூர் வெளியில் தெரியாது. வெட்ட முதல் பலகையின் மேல் மூலை இரண்டையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துக் கோடு போட்டு வளைத்து வெட்டி, சான்ட் பேப்பர் பிடியுங்கோ. கீழ் மூலைக்கும் அப்படியே. இதன் பலன் உறை போடும்போது தெரியும். பசை நாலைந்து இடத்தில் மட்டும், ஸ்பொன்ச் நகராமல் இருக்கத்தான். அந்தப் பசை விறாந்தையில் வைத்துப் பூசுங்கோ, பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

மேலே ஒரு படை பொலியெஸ்ரர் பஞ்சுத் தகடு. அதற்கு மேல் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை இழுத்து அடிக்க வேண்டும். இது உள்ளாடை, யாருக்கும் தெரியாது, ஆனால் உருவம் தருவது இதுதான். ஸ்ரேப்பிள் காலின் நீளம் 8 மில்லிமீற்றர். துருப்பிடிக்காத வகை கேளுங்கோ. உப்புக் காற்றுக்குச் சாதாரண ஸ்ரேப்பிள் ஒரு மாரியில் துருப்பிடித்து, துணியில் தேயிலைச் சாயம் மாதிரி வரிசையாகப் பொட்டு வைக்கும். கையால் அமத்துகிற ஸ்ரேப்பிள் கன்னால் அடிக்கும்போது பாதி மேலே நின்றால் சுத்தியலால் தட்டி இறக்குங்கோ.

அடிக்கிற ஒழுங்கு முக்கியம். பலகையைக் கவிழ்த்து வைத்து மேலே நடுவில் ஒன்று, கீழே நடுவில் ஒன்று, இடம், வலம். பிறகு நடுவில் இருந்து மூலையை நோக்கி, ஒரு பக்கம் மூன்று அடித்தால் எதிர்ப்பக்கம் மூன்று. மூலைக்கு 4 அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கோ. முதல் முறை செய்கிறவர்கள் ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வருவார்கள், கடைசி மூலையில் ஒரு கைப்பிடி துணி மிஞ்சும், அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். குஷன் அடிக்கிறவனின் கையை மூலையில்தான் பார்க்கலாம். மூலை நுனியில் துணியைப் பிடித்துப் பலகையின் நடுவை நோக்கிக் கோணலாக இழுத்து ஒரு ஸ்ரேப்பிள் அடியுங்கோ. இப்போது இரண்டு பக்கமும் காது மாதிரி ஒவ்வொரு மடிப்பு நிற்கும். ஒவ்வொரு காதையும் விரலால் விசிறி மாதிரிச் சின்னச் சின்ன மடிப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி அடியுங்கோ. ஒரே பெரிய மடிப்பாக அமத்தினால் முன்பக்கம் ஒரு பிடிப்பு விழும். மூலையை வளைத்து வெட்டியிருந்தால் அதற்கு இந்த விசிறி தானாகவே பணியும். ஒரு மூலை சரியில்லை என்றால் ஸ்ரேப்பிளைத் தட்டைத் திருப்புளியால் கிளப்பி எடுத்துத் திரும்ப அடியுங்கோ. நானும் கிளப்பினவன்தான்.

இனி மேல் உறை. மழைக்குச் சைக்கிள் சீற்றுக்குப் போடுகிற உறை தெரியும்தானே, ஓரத்தில் நாடா கோத்து இழுத்துக் கட்டுவது? அதே சங்கதிதான், பெரிய அளவில். கணக்கு இப்படி: பலகை 62, இரண்டு பக்கமும் ஸ்பொன்சும் பலகையும் பின் மடிப்புமாக ஐந்தரை அங்குலம் வீதம் 11, நாடா மடிப்புக்கு 2. மொத்தம் 75 அங்குலம். உயரத்துக்கு 30, 11, 2, ஆக 43. குஷன் துணி வழமையாக 54 அங்குல அகலம் என்பதால் துணியைக் குறுக்காகப் போட்டு, பொருத்து இல்லாமல் ஒரே துண்டில் எடுக்கலாம். இரண்டேகால் யார், அதாவது 81 அங்குலம் வாங்குங்கோ. பருத்தி என்றால் வெட்ட முதல் ஒரு தரம் தோய்த்துக் காயப்போட வேண்டும். சுருங்குகிறது இப்போதே சுருங்கட்டும், அதற்குத்தான் அந்த மிச்சம். மூலையை வளைத்து வெட்டி, ஓரத்தை 1 அங்குலம் மடித்துத் தைத்து, கீழே நடுவில் வாய் விட்டு நாடாவைக் கோத்துவிடுங்கோ. மெசினுக்கு 16ஆம் நம்பர் ஊசி, பொலியெஸ்ரர் நூல், தையல் கொஞ்சம் நீளமாக. உறையைப் போட்டு நாடாவை இழுத்து முடிச்சைப் பின்னால் செருகிவிட்டால், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு அடித்ததா கட்டினதா தெரியாது.

துணி விசயத்தில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு, ஒளிக்கவில்லை. கன்வஸ், தடித்த கைத்தறி, அல்லது சணல் மாதிரி நெய்த பொலியெஸ்ரர் கலப்பு. நிறம் நடுத்தரம், கொஞ்சம் கலவையான இழை. வெள்ளையும் சந்தன நிறமும் எண்ணெய்த் தலைக்கு முன் மூன்று மாதம் தாங்காது. ரெக்சின் துடைக்கலாம் என்பார்கள். துடைக்கலாம்தான். ஆனால் மின்சாரம் நின்ற ஒரு சித்திரை இரவில் கழுத்து அதில் ஒட்டிப் பிரிகிற சத்தத்தைக் கேட்டவர்கள் திரும்ப வாங்கமாட்டார்கள். அதோடு, ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கிற பொருளைத் தலை எண்ணெயும் வியர்வையும் மெல்ல மெல்ல இழுத்துவிடும், பிறகு அது காய்ந்து வெடிக்கும். தோல் மாதிரி மெத்தென்று இருக்கிற மலிவான சாமான் இன்னும் மோசம். வெக்கையும் ஈரமும் சேர மேல் பூச்சு உரிந்து, காலையில் தலைமயிரில் கறுப்புச் செதில் ஒட்டியிருக்கும். வெல்வெட் அழகு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மயிர் கீழ்நோக்கி விழ வேண்டும் என்பதால் குறுக்காகப் போட ஏலாது, பொருத்து வரும். வெல்வெட்தான் வேண்டுமென்று நின்றால் 62 அங்குலத்தை ஐந்து நிலைத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் குஷன் அடித்து, பின்னால் இருந்து திருகாணி போட்டு ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டுங்கோ. ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். துணியின் தடிப்புக்காக ஒவ்வொரு துண்டையும் எட்டில் ஒரு அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது உள்ளே போகாது.

தெறிக் கதைக்கு வருவோம். தெறி வைப்பதென்றால் பலகையில் கட்டம் போட்டு ஓட்டை போட வேண்டும், மெழுகு நூலும் சாக்கு தைக்கிற மாதிரி நீண்ட ஊசியும் வேண்டும், ஒவ்வொரு குழிக்கும் துணி கூட விட வேண்டும். அது பழகலாம், கஷ்டமில்லை. பிரச்சினை பிறகுதான். வலிகாமத்துச் செம்மண் தூசி ஒவ்வொரு குழிக்குள்ளும் போய் இருக்கும், தும்புத்தடிக்கும் வராது, துணிக்கும் வராது. மூட்டைப்பூச்சி ஒரு தரம் வீட்டுக்குள் வந்தால் அந்தக் குழிகளைப் போல் வசதியான வாடகை வீடு அதற்குக் கிடைக்காது. எல்லாவற்றையும் விட, நூல் உறைக்குள்ளால் போனபடியால் தோய்க்கக் கழற்ற ஏலாது.

இதை வாசிக்கிற வேறு யாராவது அம்மம்மாவின் சீதனக் கட்டில் வைத்திருந்தால், அந்தச் செதுக்கு வேலை உள்ள தேக்குத் தலைமாட்டில் ஸ்ரேப்பிள் அடிக்க வேண்டாம். அப்படி ஒரு கட்டிலைக் கொண்டுவந்து, "இந்தப் பூவெல்லாத்தையும் மூடி ஸ்பொன்ச் அடியுங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். மூன்று தட்டையான தலையணை தைத்து, மேல்பக்கத்தில் நாடா வைத்துத் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தேன். பூவும் தப்பியது, முதுகும் தப்பியது.

மாட்டும்போது இரண்டு பேர் நில்லுங்கோ. முழுச் சாமானும் பத்துப் பதினைந்து கிலோ வரும், பாரத்தை விட அகலம்தான் கையைத் தடுமாறச் செய்யும். கட்டிலைத் தலைமாட்டோடு நெரிக்காமல் இரண்டு அங்குலம் முன்னால் விடுங்கோ, நுளம்பு வலையைத் தலைமாட்டுப் பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகக் கை போக வேண்டும். டெங்குக் காலமும் மழைக் காலமும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வருகிறது.

உறையை இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் கழற்றுங்கோ. எண்ணெய் பட்ட இடத்தில் முகப்பவுடரைத் தடிப்பாகத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்த்து நிழலில் காயப்போடுங்கோ. கிணற்றுத் தண்ணி சவர் என்றால் இன்னொரு தரம் அலசுங்கோ. கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால், வெயில் எறித்த அன்றைக்குப் பலகையையும் தூக்கி இறக்கி முதுகுப் பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கோ. குளிர்ந்திருந்தால் விறாந்தையில் ஒரு பின்னேரம் சாத்தி வையுங்கோ. சுவரில் மண் கோடு மாதிரி ஏதும் ஏறியிருந்தால் அது கறையான், அன்றைக்கே மருந்து அடிக்க வேண்டும்.

விலை கேட்டிருந்தீர்கள் என்றால் நான் எழுதமாட்டேன், 2022 பொருளாதார நெருக்கடியில் போன கிழமை சொன்ன விலையையே இந்தக் கிழமை சொல்லப் பயமாக இருந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பிளைவூட்டும் ஸ்பொன்சும்தான் காசு. துணியை மட்டும் தைப்பொங்கல், சித்திரைக் கழிவு விற்பனையில் பார்த்து வாங்குங்கோ. முதலில் வெள்ளைத் துணியோடு பலகையை மாட்டிப் படுக்கத் தொடங்கலாம், உறை பிறகு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.